மழை பெய்வதும் பெய்யாதொழிவதும்: கமக்காரருக்கு ஒரு வானிலைப் பாடம்

நமது நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் கமஞ்செய்வோர் தொன்றுதொட்டுக் காற்றுக்குப் பெயரிட்டு வழங்கி வருகின்றனர். வடகிழக்கிலிருந்து வீசுவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தென்மேற்கிலிருந்து எழுவது சோளகம். மேற்கிலிருந்து வருவது கச்சான். வாடைக் காலம் நெருங்கியதும் வயலை உழுது ஆயத்தஞ் செய்வர். சோளகம் எழுந்தால் கிணற்று நீரையன்றி வேறொன்றை நம்புவதில்லை. இவ்வறிவு அனுபவத்தால் வந்தது, பெரும்பாலும் சரியானது. ஆயினும், வாடை மழை தருவதேன், பரந்த கடலைக் கடந்து ஈரத்தோடு வரும் சோளகம் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் புழுதியை எழுப்பிவிட்டுப் போவதேன் என்று வினவினால், விடை கூறுவோர் சிலரே.

இவ்வினா வீண் வினாவன்று. ஐப்பசி மாதத்தில் ஒரு மாலை மழையைக் கண்டு மாரி தொடங்கிவிட்டதென எண்ணி ஈரத்தில் விதைத்தவர், பின்னர் பன்னிரண்டு நாள் வானம் வெளித்திருக்க முளைகள் கருகுவதைக் காண்பதுண்டு. ஒரு மழைக்கும் மற்றொரு மழைக்கும் இயல்பில் வேறுபாடு உண்டென்பதை அவர் அறிந்திருப்பாராயின் சற்றுப் பொறுத்திருப்பார். அவ்வேறுபாட்டை விளக்குவதே இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கமாகும். இதற்கு வேண்டிய அடிப்படை விதி ஒன்றே: மேலெழும் வளி குளிர்கின்றது, கீழிறங்கும் வளி சூடேறுகின்றது, குளிர்ந்த வளி தன்னிடமுள்ள நீராவியைத் தாங்கமாட்டாது கைவிடுகின்றது. பனித்துளி, மூடுபனி, மழை, கச்சானின் வெம்மை ஆகிய யாவும் இவ்விதிக்குள் அடங்கும்.

வளிமண்டலம்

வளி கண்ணுக்குப் புலப்படாததாயினும் நிறையுடைய பொருள். கடல்மட்டத்தில் ஒரு சதுர மீற்றர் நிலத்தின்மேல் நிற்கும் வளியின் நிறை ஏறக்குறைய 10 தொன்னாகும். இந்நிறை நிலத்தை அழுத்துவதையே வளியமுக்கம் என்கின்றோம். பாரமானி இதனையே அளக்கின்றது. உலர்ந்த வளியில் நூற்றுக்கு 78 பங்கு நைதரசன், 21 பங்கு ஒட்சிசன். எஞ்சிய ஒரு பங்கில் ஆகன் முதலிய வாயுக்கள் உள. பயிர்கள் உணவாக்கும் காபனீரொட்சைட்டு 10,000 பங்கில் 4 பங்கிற்குச் சற்று மேற்பட்ட அளவே. இவற்றோடு நீராவியும் கலந்துள்ளது. அதன் அளவு மட்டும் இடத்துக்கிடமும் நாளுக்குநாளும் மாறுகின்றது. வெப்பமான கடலோரங்களிலும் அது நூற்றுக்கு 4 பங்கை மீறுவது அரிது. மழை முழுவதும் இச்சிறு பங்கிலிருந்தே வருகின்றது.

நம்மைப் போன்று புவிநடுக்கோட்டுக்கு அண்மையில் வாழ்வோரின் தலைக்குமேல், வானிலை நிகழ்ச்சிகள் யாவும் நடைபெறும் கீழ்ப்படை 16 முதல் 18 கிலோமீற்றர் உயரம்வரை செல்கின்றது. இப்படையில் மேலே செல்லச் செல்ல வெப்பநிலை குறைகின்றது. கொழும்பின் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 27 பாகை சதமவளவை. ஏறக்குறைய 1,880 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது 16 பாகையளவே. மலைநாடு சூரியனுக்குச் சற்று அண்மையிலிருந்தும் குளிர்ச்சியாயிருப்பதேன் எனப் பாடசாலைச் சிறுவர் கேட்பதுண்டு. சூரிய கதிர்கள் வளியை நேரே சூடாக்குவது மிகக் குறைவு. அவை நிலத்தைச் சூடாக்க, நிலமே வளியைச் சூடாக்குகின்றது. அவ்வாறு சூடாகி மேலெழும் வளியும் எழுந்தெழுந்து விரிவதால் குளிர்ந்துவிடுகின்றது என்பதே விடை.

வளி எவ்வளவு நீராவியைத் தாங்கும்?

ஒரு கன மீற்றர் இடத்தில் 30 பாகை வெப்பநிலையில் ஏறக்குறைய 30 கிராம் நீராவி இருக்க முடியும். 25 பாகையில் 23 கிராம். 20 பாகையில் 17 கிராம். 10 பாகையில் 9 கிராமுக்குச் சற்று மேல். இவ்வெண்களை நினைவிற் கொள்வது நன்று. பின்வருவன யாவும் இவற்றிலிருந்தே விளங்கும். தாங்கக்கூடிய முழு அளவில் எத்தனை வீதம் நீராவி தற்போது உள்ளதோ அதனைச் சாரீரப்பதன் என்பர்.

ஓர் எடுத்துக்காட்டு. தை மாதத்து மாலையொன்றில் வெப்பநிலை 27 பாகையாயிருக்க, ஒரு கன மீற்றர் வளியில் 20 கிராம் நீராவி உள்ளதெனக் கொள்வோம். அவ்வெப்பநிலையில் ஏறக்குறைய 26 கிராம் இருக்கலாம். ஆகவே சாரீரப்பதன் 77 வீதம். இரவில் வெப்பநிலை இறங்கி 22, 23 பாகையை அடையும்போது, அதே 20 கிராமே முழு அளவாகிவிடுகின்றது. அதற்குமேலும் குளிர்ந்தால் மிகையான நீராவி ஒடுங்கி நீராக வேண்டும். அந்நிலையைப் பனிபடுநிலை என்பர். குளிர்ந்த நீர் நிறைந்த செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதும், விடியலில் வெங்காயத் தாள்களிற் பனித்துளி நிற்பதும் ஒரே செயலாம்.

தெளிந்த வானமும் அடங்கிய காற்றும் உள்ள இரவிலேயே பனி மிகுதியாகப் பெய்கின்றது. பகலிற் பெற்ற வெப்பத்தை நிலமும் இலைகளும் இரவில் வானத்தை நோக்கி வெளிவிடுகின்றன. முகில் இருந்தால் அது போர்வைபோல நின்று வெப்பத்திற் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பும். முகிலில்லா இரவில் வெப்பம் தடையின்றி நீங்குகின்றது. இலைகள் தம்மைச் சூழ்ந்த வளியைக் காட்டிலும் குளிர்ந்துவிடுகின்றன. காற்று வீசினாலோ மேலுள்ள வெம்மையான வளி கீழ்வந்து கலக்க, பனி குறையும்.

பனித்துளி கமக்காரருக்கு நண்பனுமன்று, முற்றும் பகைவனுமன்று. மார்கழி, தை மாதங்களில் நெற்பயிரின் இலை இரவு முழுதும் நனைந்திருப்பின், எரிபந்த நோயை உண்டாக்கும் பங்கசின் வித்திகள் முளைத்து இலைக்குள் நுழையப் போதிய நேரங் கிடைக்கின்றது. வெங்காயத் தாள்களில் ஊதா நிறப் புள்ளிகளை உண்டாக்கும் நோயும் இத்தகையதே. இந்நோய்களின் வித்திகள் காற்றில் எக்காலமும் உள. அவற்றுக்கு வேண்டியது சில மணி நேரம் உலராத இலை. ஆகவே இலைகள்மீது நீர் தூவிப் பாய்ச்சுவோர் மாலை வேளையில் அதனைச் செய்யின், பனி பெய்யுமுன்னரே இலையை நனைத்து நோய்க்கு மேலும் சில மணி நேரம் ஈந்தவராவர். காலையிற் பாய்ச்சினால் வெயில் விரைவில் உலர்த்திவிடும்.

நுவரெலியாவில் தை, மாசி மாதத்துத் தெளிந்த இரவுகளில் நிலமட்டத்தில் வெப்பநிலை 0 பாகைக்குக் கீழும் இறங்குவதுண்டு. அப்போது நீராவி பனிக்கட்டியாக இலையிற் படிகின்றது. குளிர்ந்த வளி நிறை மிகுந்ததாகையால் நீரைப்போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். எனவே அங்கே உருளைக்கிழங்குப் பாத்திகளுள் பள்ளத்தில் உள்ளவையே முதலிற் கருகும். சில மீற்றர் மேலே சரிவில் உள்ள பாத்தி தப்பிவிடுவதை அங்குள்ளோர் அறிவர்.

மேலெழும் வளி

இனி விதியின் முதற்பகுதிக்கு வருவோம். துவிச்சக்கரவண்டிக்குக் காற்றடிப்பவர் பம்பின் அடிப்பாகம் சூடேறுவதை உணர்ந்திருப்பார். வளியை அமுக்கினாற் சூடேறும். நிறைந்த குழாயின் வாயிலைத் திறந்துவிட்டால் வெளிவரும் வளி விரற்குக் குளிர்ச்சியாகப் படும். வளி விரிந்தாற் குளிரும். மேலே செல்லும் வளிக்கு அங்கே அமுக்கம் குறைவு. ஆதலின் அது விரிந்து, 1,000 மீற்றருக்கு ஏறக்குறைய 10 பாகை வீதம் குளிர்கின்றது. குளிர்ந்துகொண்டே சென்று பனிபடுநிலையை அடைந்ததும் நீராவி நுண்துளிகளாக ஒடுங்குகின்றது. அவற்றின் கூட்டமே முகில். முகில்களின் அடிப்பகுதி பலகைபோல் ஒரே மட்டமாயிருப்பதன் காரணமும் இதுவே: அம்மட்டத்திலேயே வளி பனிபடுநிலையை அடைகின்றது.

முகில் தோன்றியபின் ஒரு மாற்றம் நிகழ்கின்றது. நீரை ஆவியாக்க வெப்பம் வேண்டுமன்றோ? அவ்வெப்பம் ஆவியினுள் மறைந்திருந்து, ஆவி மீண்டும் நீராகும்போது வெளிப்படுகின்றது. எனவே முகிலினுள் எழும் வளி 1,000 மீற்றருக்கு ஏறக்குறைய 5 பாகை வீதமே குளிர்கின்றது. சூழவுள்ள வளியைவிட வெம்மையாயிருப்பதால் அது மேலும் மேலும் எழுகின்றது. பங்குனி, சித்திரை மாதங்களில் மாலைதோறும் இடிமுழக்கத்தோடு எழும் கரிய முகில் இவ்வாறு வளர்வதே. காலையிற் பஞ்சுப்பொதிபோல் சிறிதாகத் தோன்றும் திரள்முகில், பிற்பகலில் 15 கிலோமீற்றர் உயரம்வரை வளர்ந்து உச்சியிற் கொல்லனின் பட்டடைபோலப் பரந்து நிற்கும். ஏப்பிரில் மாதம் 5ஆம் திகதிக்கும் 15ஆம் திகதிக்கும் இடையில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியாகச் செல்வதும், அக்காலத்தில் எப்பருவக் காற்றும் வலுவாக வீசாதிருப்பதும் இத்தகைய முகில்களுக்கு வாய்ப்பளிக்கின்றன. ஒக்டோபரிலும் இவ்வாறே.

இம்மழையின் இயல்பைக் கவனிக்க வேண்டும். ஒரு முகில், ஒரு கிராமம், ஒரு மணி நேரம். அடுத்த ஊரில் ஒரு துளியும் விழாதிருக்கலாம். நேற்றுப் பெய்தது என்பதனால் நாளை பெய்யும் என்பதற்கில்லை. மாரி வந்துவிட்டதென எண்ணச் செய்வது பெரும்பாலும் இம்மழையே.

மின்னலைப்பற்றியும் இவ்விடத்தில் ஒரு சொல். ஒலி ஒரு கிலோமீற்றர் செல்ல ஏறக்குறைய 3 செக்கன் எடுக்கும். மின்னலைக் கண்டது முதல் முழக்கம் கேட்கும்வரை எண்ணுக. 30 எண்ணுமுன் முழக்கம் கேட்பின் இடிமுகில் 10 கிலோமீற்றருக்குள் உள்ளது. மண்வெட்டியை வரம்பிற் போட்டுவிட்டு வீட்டுக்குச் செல்ல வேண்டும். தனித்து நிற்கும் பனையின்கீழ் ஒதுங்குவது வெளியில் நிற்பதிலும் கேடு.

சோளகமும் கச்சானும்

கோடைகாலத்தில் ஆசியப் பெருநிலம் கடலைவிட விரைவிற் சூடாகி, அங்கே வளி எழுந்து அமுக்கம் தாழ்கின்றது. தென் அரைக்கோளக் கடல்களிலிருந்து வளி அவ்விடத்தை நோக்கிப் பெயர்கின்றது. புவியின் சுழற்சியினால் வட அரைக்கோளத்தில் ஓடும் காற்று வலப்புறமாகத் திரும்ப வேண்டியிருப்பதால், புவிநடுக்கோட்டைக் கடந்தபின் அது தென்மேற்குக் காற்றாகி நம்மை அடைகின்றது. மே முதல் செத்தெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று இதுவே.

இக்காற்று ஈரம் நிறைந்தது. ஆயின், ஈரமுள்ள காற்றெல்லாம் மழை தராது. அதனை மேலே தூக்குவதற்கு ஒன்று வேண்டும். தென்மேற்கில் அத்தொழிலை மலைகள் செய்கின்றன. வட்டவளை, கினிகத்தேனை ஆகிய மேற்குச் சரிவுகளில் ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்வது இதனாலேயே. வடக்கே யாழ்ப்பாணமும் மன்னாரும் தட்டையான நிலம். அதே காற்று அங்கே தடையின்றி நிலத்தோடு ஓடுகின்றது, தூக்கப்படுவதில்லை, குளிர்வதில்லை, கைவிடுவதுமில்லை. ஈரத்தைச் சுமந்து வந்து ஈரத்தைச் சுமந்தே செல்கின்றது. சோளகத்தைப்பற்றி முதலிற் கேட்ட வினாவுக்கு இதுவே விடை.

மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளின் கதை வேறு. கச்சான் என்றவுடன் வெளியூரார் வறுத்த கடலையை நினைப்பர். அங்குள்ள கமக்காரரோ யூன், யூலை மாதத்து அனற்காற்றை நினைப்பர். அது எங்ஙனம் அனலாகின்றது என்பதைக் கணக்கிட்டே காணலாம். மேற்குக் கரையில் 28 பாகை வெப்பத்தோடு வரும் வளி மலையில் ஏறத் தொடங்குகின்றது. 600 மீற்றர் வரை 1,000 மீற்றருக்கு 10 பாகை வீதம் குளிர்ந்து 22 பாகையாகின்றது. அங்கே முகில் தோன்றிவிட்டதெனக் கொண்டால், எஞ்சிய 1,400 மீற்றருக்கு 5 பாகை வீதமே குளிர்ந்து, 2,000 மீற்றர் முகட்டில் 15 பாகையாக நிற்கும். மழை மேற்குச் சரிவிலேயே விழுந்துவிட்டது. இப்போது வளி கிழக்கே இறங்குகின்றது. இறங்கும் வளி அமுங்குவதால் சூடேறும். ஆவியாக்குவதற்கு முகில்நீர் இல்லாமையால் முழுமையாக 10 பாகை வீதமே சூடேறும். 2,000 மீற்றர் இறங்கியதும் 35 பாகை! புறப்பட்ட வெப்பநிலையிலும் 7 பாகை அதிகம். சாரீரப்பதனோ 40 வீதத்துக்கும் கீழ். மலைநாடு பெற்ற மழையின் வெப்பமே கிழக்குச் சமவெளியில் அனலாக இறங்குகின்றது எனலாம்.

உண்மையில் காற்று முழுவதும் முகட்டைத் தாண்டுவதில்லை. நாளுக்கு நாள் எண்கள் வேறுபடும். ஆயினும் கணக்கின் போக்கு சரியானது. நெற்பயிர் பூக்கும் வேளையில் வெப்பநிலை 35 பாகையை மீறினால் மகரந்தம் கெட்டுப் பதர் மிகும். வறண்ட காற்று இளங்கதிரின் நீரை வேர் ஈடுசெய்யுமுன்னரே இழுத்துக்கொள்ளின் கதிர் வெளிறி நிற்கும். ஆகவே சிறுபோக விதைப்பைப் பிற்போடும்போது, பூக்கும் காலம் கச்சானின் கடுமையில் விழுமா என்பதை நாட்கணக்கிட்டுப் பார்த்தல் அவசியம். மூன்றரை மாத நெல் ஏறக்குறைய அறுவடைக்கு ஒரு மாதத்துக்கு முன்பு பூக்கும். அவ்வேளை கச்சான் வீசுமாயின் வயலில் நீரைக் குறையவிடலாகாது. அதுவொன்றே கையிலுள்ள பரிகாரம்.

மாரி எங்கிருந்து வருகின்றது?

இப்பொழுது கூர்மையான வாசகர் ஒருவர் இடைமறிப்பார்: யாழ்ப்பாணம் தட்டையானதென்பதால் சோளகம் மழை தராதாயின், வாடை மட்டும் எவ்வாறு தருகின்றது? வாடையைத் தூக்குவதற்கும் அங்கே மலை இல்லையே?

நல்ல வினா. வாடை வெறுமனே வீசுவதால் மழை வருவதில்லை. தை பிற்பகுதியிலும் மாசியிலும் வாடை ஒழுங்காகவே வீசுகின்றது, மழையோ அருகிவிடுகின்றது. ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை வளியைத் தூக்குவது வங்காள விரிகுடாவிற் தோன்றும் தாழமுக்கங்களாம். வெப்பமான கடலின்மேல் ஓரிடத்தில் அமுக்கம் தாழ, நாற்புறத்திலிருந்தும் ஈரவளி அவ்விடத்தை நோக்கிச் சுழன்று வந்து குவிகின்றது. குவிந்த வளிக்குக் கீழே செல்ல வழியில்லை. மேலேதான் செல்ல வேண்டும். நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் பரப்பில் ஒருங்கே எழுவதால், வானம் முழுவதும் படைமுகிலால் மூடி, நாட்கணக்கில் அடைமழை பெய்கின்றது. குளங்களை நிரப்புவதும், யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லினுள் இறங்கிக் கிணறுகளை ஊறச் செய்வதும் இம்மழையே.

இதனால் ஓர் உண்மை பெறப்படும். உலர்வலயத்தின் பெரும்போகம் சில தாழமுக்கங்களின் வருகையை நம்பியுள்ளது. அவை ஓராண்டில் மிகுந்தும் மற்றோராண்டிற் குறைந்தும் வரும். 2016ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் மழை பொய்த்து, 2016/17 பெரும்போகத்தில் ஏராளமான வயல்கள் விதைக்கப்படாமலே கிடந்தன. பசுபிக் கடலின் நடுப்பகுதியும் கீழ்ப்பகுதியும் வழக்கத்துக்கு மேலாகச் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் நமது ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மழை சராசரியிலும் மிகும் சார்புடையது. குளிரும் லா நினா ஆண்டுகளிற் குன்றும் சார்புடையது. இது சார்பேயன்றி உறுதியன்று. ஒரு வயலுக்கு ஒரு வாரத்துக்கு இதனால் எதுவும் கூறவியலாது. எனினும் வளிமண்டலவியல் திணைக்களம் பருவ முன்னறிவிப்பு வெளியிடும்போது, எவ்வளவு நிலத்தில் நெல்லும் எவ்வளவில் எள், பயறு முதலியனவும் இடுவதென முடிவுசெய்ய இது உதவும்.

தாழமுக்கம் வலுப்பெற்றாற் சூறாவளியாகும். 1964 டிசெம்பர் 22, 23ஆம் திகதிகளில் வடபகுதியைத் தாக்கியதும், 1978 நவெம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கியதும் முதியோர் நினைவில் இன்றும் உள. சூறாவளியின் காற்று நமது அரைக்கோளத்திற் கடிகார முள்ளுக்கு எதிர்ப்புறமாகச் சுழலும். காற்றுக்கு முதுகுகாட்டி நிற்பவரின் இடப்புறத்தே அதன் மையம் இருக்கும். கீழ்க்கரையில் நிற்பவர் இதனைப் பயன்படுத்தலாம்: வழக்கமான வடகிழக்குக் காற்று வடக்காகவும், பின் வடமேற்காகவும் திரும்பி வலுப்பெறுமாயின், கிழக்கே கடலில் மையம் உள்ளதென்பது குறிப்பு. வானொலி அறிவித்தலைக் கேட்க வேண்டிய நேரம் அதுவே. மையம் நேரே தலைக்குமேல் வரும்போது காற்று திடீரென அடங்கி, வானமும் வெளிக்கக்கூடும். ஆபத்து நீங்கிற்றென எண்ணி மாட்டைப் பார்க்கவும் கூரையைக் கட்டவும் வெளியே வருவோர், எதிர்த்திசையிலிருந்து முன்னிலும் சடுதியாக வரும் காற்றில் அகப்படுவர். அமைதியின்போது வெளியே வராதிருப்பதே உயிர் காக்கும்.

மழையை அளத்தல்

மழை "நல்லாப் பெய்தது" என்பதை ஓர் அளவாகக் கொள்ளலாகாது. நேரான பக்கங்களையுடைய எந்தத் தகரப் பேணியும் மழைமானியாகும். வாயின் விட்டம் எவ்வளவாயினும் வேறுபாடில்லை. ஆனால் வாளியைப்போல் வாய் அகன்று அடி குறுகியது உதவாது. பேணியின் விளிம்பு நிலத்திலிருந்து 30 சதம மீற்றர் உயர நிற்குமாறு கட்டையிற் பொருத்துக. அருகிலுள்ள மரத்தின் உயரத்தைப்போல் இருமடங்கு தூரமேனும் விலகியிருக்க வேண்டும். காலை 8.30 மணிக்கு நாள்தோறும் அடிகோலால் அளந்து, எழுதி, நீரைக் கொட்டிவிடுக. நமது நாட்டின் மழைமானி நிலையங்களில் வாசிப்பு எடுக்கும் நேரமும் அதுவே. ஆதலால் உமது கணக்கை அவர்களது கணக்கோடு ஒப்பிடலாம்.

ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர் நீர். 16 பரப்பு ஓர் ஏக்கர் என்ற கணக்கில், ஒரு பரப்பு நிலத்துக்கு அது 253 லீற்றராகும். 10 மில்லிமீற்றர் பெய்தால் ஒரு பரப்புக்கு 2,530 லீற்றர். பெரிய தொகையாகத் தோன்றும். ஆயின் உலர்வலயத்தில் வறண்ட நாளொன்றில் வெயிலும் காற்றும் ஈரநிலத்திலிருந்து ஏறக்குறைய 5 மில்லிமீற்றரை ஆவியாக்கக்கூடும். அங்ஙனமாயின் அம்மழை இரண்டு மூன்று நாட்களிற் போய்விடும். காய்ந்த இருவாட்டி மண்ணை அது நான்கு விரற்கடை ஆழம் நனைத்தாலே அதிகம்.

புழுதி விதைப்புச் செய்வோருக்கு இக்கணக்கு உயிர்நிலை போன்றது. முற்றும் உலர்ந்த புழுதியிற் கிடக்கும் விதைநெல் மழையின்றிச் சில வாரம் கெடாதிருக்கும். எறும்பும் பறவையும் எடுப்பது ஒருபுறம். போதிய மழை பெற்றாலும் அது முளைத்து வாழும். இடைப்பட்ட மழையே கேடு: விதையை முளைக்கச் செய்யப் போதுமான ஈரம், முளையைக் காக்கப் போதாத ஈரம். ஆகவே ஒக்டோபர் தொடக்கத்தில் மாலை இடிமழையொன்று 10, 15 மில்லிமீற்றர் பெய்ததைக் கண்டு ஈரவிதைப்புக்கு விரைய வேண்டாம். மறுநாட்காலை மண்வெட்டியால் மூன்று நான்கு இடங்களில் தோண்டிப் பார்க்க. ஈரம் ஒரு சாண் ஆழத்துக்கு இறங்கியுள்ளதா? வானத்தையும் பார்க்க. தனித்தனித் திரள்முகில்கள் பிற்பகலில் மட்டும் எழுகின்றனவாயின் அது இடைப்பருவ மழை. காலையிலும் இரவிலும் வேறுபாடின்றிப் படைமுகில் மூடி, கீழ்த்திசைக் காற்றோடு விட்டுவிட்டுப் பெய்யுமாயின், விரிகுடாவில் தாழமுக்கம் உண்டென்பதும், பெருமழைக்காலம் அணுகிற்றென்பதும் தெளிவு.

பல்லாண்டுக் கணக்கு இருப்பின் இன்னும் நன்று. சராசரியை மட்டும் நம்பற்க. 2008 நவெம்பரில் நிசா சூறாவளி யாழ்ப்பாணத்தை வெள்ளத்தில் ஆழ்த்தியது போன்ற ஓராண்டு, பத்தாண்டுச் சராசரியையே உயர்த்திவிடும். அம்மழையிற் பெரும்பங்கு கடலுக்குள் ஓடிற்று. 20 ஆண்டுகளின் நவெம்பர் மழையைப் பெரியது முதல் சிறியது வரை வரிசையாக எழுதி, மேலிருந்து பதினைந்தாவது எண்ணை எடுக்க. நான்கு ஆண்டுகளில் மூன்றிலேனும் கிடைக்கும் மழை அதுவே. இலங்கையைக் கமத்தொழிற் சூழல் வலயங்களாக வகுத்தபோதும் இவ்வாறு நான்கில் மூன்று ஆண்டுகளில் எதிர்பார்க்கத்தக்க மழையே அளவுகோலாகக் கொள்ளப்பட்டது. உமது ஊரில் கணக்கு இல்லையாயின் அண்மையிலுள்ள நிலையத்தின் பதிவுகளை விவசாயப் போதனாசிரியர் மூலம் கேட்டுப் பெறலாம். பேணி வைப்போர் வரும் ஐப்பசிக்கு முன்னரே வைத்துவிடுக. முதல் மழையே பதிவில் விடுபட்டால் அவ்வாண்டுக் கணக்கு குறைபட்டதாகும்.